கார்னகியின் செல்வ நற்செய்தியும் சகேயுவின் இரு வினைகளும்

அருளுரைக் கலை வகுப்பில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் அண்மையில் மாதிரி அருளுரை ஒன்றை நிகழ்த்தினார். திருமறைப் பகுதி லூக்கா நற்செய்தி 19ஆம் அதிகாரத்தில் உள்ள சகேயுவின் வரலாறு. விளக்கத்தின் நடுவே, நம் பிரசங்க மேடைகளில் பல்லாண்டுகளாக வழங்கிவரும் இரண்டு எடுத்துக்காட்டுகளை அவர் கையாண்டார். ஒன்று, முதல் சம்பளத்திலிருந்தே ஒரு பங்கைக் காணிக்கையாக எடுத்து வைத்த அமெரிக்க எண்ணெய் வணிகர் ஜான் ராக்பெல்லரைப் பற்றியது. மற்றொன்று, தம் செல்வத்தின் பெரும்பகுதியை நூலகங்களுக்கும் கல்விக்கும் வழங்கிய எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியைப் பற்றியது. இவ்விருவரும் சகேயுவின் வழிநடந்த செல்வர்கள் என்று கூறி அவர் அருளுரையை முடித்தார்.

அப்பொழுது அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையம் பகுதியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, சகேயு கொடுத்ததோடு நிற்கவில்லையே, திருப்பியும் கொடுத்தானே. இவர்கள் யாருக்காவது எதையாவது திருப்பிக் கொடுத்தார்களா?" என்று கேட்டார். வகுப்பில் விடை எழவில்லை. ஆசிரியனாகிய என்னிடமும் அன்று ஆயத்தமான விடை இல்லை. சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சூழ்ந்த ஊரிலிருந்து வந்தவர் அக்கேள்வியைக் கேட்டது தற்செயல் அன்று என்பது மட்டும் எனக்கு விளங்கியது. அந்த எடுத்துக்காட்டுகளுக்கு அடிப்படையாக நிற்கும் கார்னகியின் கட்டுரையைத் திறனாய்ந்து, அதன் நிறைகுறைகளை நம் சபைகளின் இன்றைய நிலையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கட்டுரை சொல்வது

கார்னகியின் கட்டுரை 1889ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'நார்த் அமெரிக்கன் ரெவ்யூ' இதழில் 'செல்வம்' என்னும் எளிய தலைப்பில் வெளிவந்தது. இங்கிலாந்தில் மறுபதிப்பான பொழுதே 'செல்வத்தின் நற்செய்தி' என்னும் பெயர் அதற்கு அமைந்தது. நற்செய்தி என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கியிருப்பதனால் அதனை இறையியல் அளவுகோலால் அளக்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆசிரியரின் வாழ்க்கையை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். அவர் 1835இல் ஸ்காட்லாந்தின் டன்பெர்ம்லின் நகரில் கைத்தறி நெசவாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். நீராவித் தறிகளின் வருகையால் தந்தையின் தொழில் நொடித்தது. 1848இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பஞ்சாலை ஒன்றில் வாரத்திற்கு 1 டாலர் 20 சென்ட் கூலிக்கு நூற்கண்டு சுமக்கும் சிறுவனாக அவர் வேலையைத் தொடங்கினார். புதிய கண்டுபிடிப்பு ஒன்று ஏழை வீட்டின் அடுப்பை அணைப்பதைக் கண்ணால் கண்டவர், பின்னர் பெஸ்ஸமர் முறையில் எஃகு வார்த்து உலகின் பெருஞ்செல்வருள் ஒருவரானார். 1901இல் தம் தொழிலை ஜே. பி. மார்கன் குழுவினருக்கு 48 கோடி டாலருக்கு விற்றார்.

கட்டுரையின் வாதம் தெளிவானது. போட்டியும் செல்வம் சிலரிடம் குவிவதும் தனிமனிதருக்குச் சில வேளைகளில் கொடியவையாயினும், மனித இனத்திற்கு நன்மையே பயப்பன. ஆகவே அவற்றை மாற்ற முயல வேண்டியதில்லை. குவிந்த செல்வத்தை எவ்வாறு நிர்வகிப்பது என்பதே கேள்வி. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம், இறந்தபின் பொதுநலனுக்கு எழுதி வைக்கலாம், உயிரோடிருக்கும்பொழுதே தம் அறிவாற்றலைக் கொண்டு தாமே பொதுநலனுக்குச் செலவிடலாம். இம்மூன்றில் கடைசி வழியே சிறந்தது. செல்வர் என்பவர் ஏழைச் சகோதரரின் பொருட்டு வைக்கப்பட்ட அறங்காவலர். இதுவே அவர் கொள்கை.

இதில் நாம் மதிக்கத்தக்கவை உண்டு. பெருஞ்செல்வத்தோடு இறப்பதை அவர் இழிவாகக் கருதினார். பெருஞ்சொத்துகள்மீது மரணத்தின்பின் கடுமையான வரி விதிப்பதை வரவேற்றார். சொன்னதைச் செய்தும் காட்டினார். உலகெங்கும் சுமார் 2,500 நூலகங்கள் அவர் பணத்தால் எழுந்தன. ஆலயங்களுக்கு 7,000க்கும் மேற்பட்ட ஆர்கன் இசைக்கருவிகள் கிடைத்தன. அதே ஆண்டு டிசம்பரில் எழுதிய தொடர் கட்டுரையில், கொடைக்குரிய துறைகளை ஏழாக வகுத்து, பல்கலைக்கழகத்தை முதலிலும் ஆலயத்தை இறுதியிலும் வைத்தார். ஆலயத்தின் கட்டடத்திற்குக் கொடுக்கலாம், ஆனால் அதனைத் தாங்கும் பொறுப்பு சபை மக்களுடையது என்றும் கூறினார். இந்த ஓர் அறிவுரையை வெளிநாட்டு உதவியையே நம்பியிருந்த நம் சபைகள் முன்னமே கேட்டிருந்தால் நலமாயிருந்திருக்கும்.

2. கட்டுரை சொல்லாதது

ஆயினும் ஒரு நூலின் தரத்தை அது பேசுவதைக் கொண்டு மட்டுமன்றி, பேசாமல் விடுவதைக் கொண்டும் அளக்க வேண்டும். செல்வம் கைக்கு வந்தபின் எவ்வாறு செலவாக வேண்டும் என்பதைக் கார்னகி விரிவாகப் பேசுகிறார். அது கைக்கு வந்த வழியைப் பற்றிய கேள்வியைப் போட்டியின் விதி என்னும் ஒரே சொல்லால் மூடிவிடுகிறார். ஒரு பெருந்தொகை சிறுசிறு தொகைகளாகப் பலருக்குப் பகிர்ந்து போயிருந்தால் வீண் செலவில் கரைந்திருக்கும். ஒருவர் கையில் திரண்டதனாலேயே பொதுநன்மைக்குப் பயன்படுகிறது என்றும் வாதிடுகிறார். சிறுசிறு தொகைகளாகப் பலருக்குப் போகும் பணத்திற்கு நாம் வழங்கும் பெயர் கூலி. கூலியாகப் போனால் வீண், கொடையாகப் போனால் நன்மை என்பதே இவ்வாதத்தின் முடிவு. இங்கேதான் கட்டுரை நற்செய்தியினின்று விலகுகிறது.

இதன் விளைவு மூன்றே ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1892இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் எஃகாலையில் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிற்சங்கம் போராடியது. கார்னகி ஸ்காட்லாந்தில் இருந்தார். நிர்வாகத்தை நடத்திய ஹென்றி கிளே பிரிக், பிங்கர்ட்டன் என்னும் தனியார் காவற்படையினரை ஆற்றுவழியே வரவழைத்தார். ஜூலை 6ஆம் நாள் நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. சங்கம் முறியடிக்கப்பட்டது. பன்னிரண்டு மணிநேர வேலைநாள் அங்கே வழக்கமாயிற்று. முறை மாறும் ஞாயிற்றுக்கிழமைகளில், இரு வாரங்களுக்கு ஒருமுறை, தொடர்ந்து 24 மணிநேரம் உலையின் முன் நிற்கவேண்டிய நிலையும் எஃகாலைகளில் இருந்தது. 1898இல் ஹோம்ஸ்டெட் மக்களுக்குக் கார்னகியின் நூலகம் ஒன்று கிடைத்தது. அதில் அமர்ந்து வாசிக்க அம்மக்களுக்கு நேரம் எங்கே இருந்தது? ஓய்வுநாள் கட்டளையைப் போதிக்கும் ஆயருக்கு இக்கேள்வி அயலானது அன்று.

ஆலயத்தையே தம் தொழில் திட்டத்தின் ஒரு பகுதியாக்கிய முதலாளியும் அக்காலத்தில் இருந்தார். இரயில் பெட்டிகள் கட்டிய ஜார்ஜ் புல்மன் 1880 முதல் சிகாகோவுக்கு அருகே தம் பெயரால் ஒரு நகரை அமைத்தார். வீடு, கடை, நூலகம், ஆலயம் அனைத்தும் நிறுவனத்தின் உடைமை. ஆலயத்திற்கும் வாடகை குறிக்கப்பட்டது. வாடகை மிகுதியாயிருந்தபடியால் அந்த அழகிய ஆலயம் சில காலம் எந்தச் சபையும் குடிபுகாமல் வெறுமையாக நின்றது. 1893இல் பொருளாதார வீழ்ச்சி வந்தபொழுது கூலி சுமார் கால் பங்கு குறைக்கப்பட்டது. வீட்டு வாடகையோ குறையவில்லை. 1894 மே மாதத்தில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அவ்வூரின் மெதடிஸ்ட் ஆயர் வில்லியம் கார்வர்டைன் தொழிலாளர் பக்கம் நின்றார். கூலிக் கணக்கையும் வாடகைக் கணக்கையும் அருகருகே வைத்து அதே ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். ஒரு நிறுவனம் ஒரு நகரையே உடைமையாக வைத்திருத்தல் தகாது என்று இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் 1898இல் தீர்ப்பளித்தது. நம் அருளுரைகளில் ராக்பெல்லரின் தசமபாகம் இடம்பெறும் அளவுக்குக் கார்வர்டைனின் கணக்கு ஏன் இடம்பெறுவதில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

3. மதுரையைத் தொட்ட வழக்கு

இச்செய்திகள் தொலைதூர நாட்டினுடையவை என்று ஒதுக்கிவிட இயலாது. 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவைக் கலக்கிய ஒரு வழக்கு, தமிழகத் திருச்சபையோடு நேரடித் தொடர்புடைய சங்கத்தைப் பற்றியதாகும். 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் பணி தொடங்கிய அமெரிக்க அருட்பணிச் சங்கத்திற்கு, அதாவது நம் முன்னோர் 'அமெரிக்கன் போர்டு' என வழங்கியதற்கு, ராக்பெல்லர் 1,00,000 டாலர் நன்கொடை அளித்தார். அதற்குச் சற்று முன்னர்தான், 1902 முதல் 1904 வரை, ஐடா டார்பெல் என்னும் பெண் எழுத்தாளர் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் வரலாற்றைத் தொடராக எழுதி முடித்திருந்தார். இரயில் நிறுவனங்களோடு மறைமுகக் கட்டணச் சலுகை ஒப்பந்தங்கள் செய்து சிறு எண்ணெய் வணிகர்களை அழித்த கதை அதில் வெளியாயிற்று.

பாஸ்டன் வட்டாரத்து ஆயர்கள் பலர் நன்கொடையை எதிர்த்தனர். அவர்களுக்குத் துணைநின்று நாடறியக் குரலெழுப்பியவர் வாஷிங்டன் கிளாடன். இவர் ஓஹியோ மாநிலம் கொலம்பஸ் நகரில் 1882 முதல் ஆயராயிருந்தவர். அப்பொழுது கொங்கிரிகேஷனல் சபைகளின் தேசியப் பேரவைத் தலைவர். 1884இல் ஹாக்கிங் பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் நடந்தபொழுது, சுரங்க நிறுவனத்தின் அதிகாரிகள் சிலர் தம் சபையிலேயே அமர்ந்திருக்க, தொழிலாளரின் சங்க உரிமையை ஆதரித்துப் பேசியவர். 1895இலேயே 'கறைபட்ட பணம்' என்னும் தலைப்பில் எழுதியவர். தகாத வழியில் பெற்ற பணத்தைக் கேட்டு வாங்கினால் திருச்சபை அத்தவற்றுக்கு எதிரான தன் சாட்சியை இழந்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். பணத்திற்குத் தன்னளவில் ஒழுக்கம் இல்லை, ஒவ்வொரு கொடையாளரையும் ஆராய ஒரு சங்கத்தால் இயலாது என்றனர் எதிர்த் தரப்பினர். பணம் தானாக வரவில்லை, சங்கத்தாரே நாடிக் கேட்டுப் பெற்றது என்பதும் வெளியாயிற்று. கிளாடனின் தீர்மானம் நிறைவேறவில்லை. பணமும் திருப்பி அனுப்பப்படவில்லை.

கிளாடனின் துணிவை நாம் போற்றுகிறோம். ஆயினும் இவ்வழக்கின் மையத்திலும் ஒரு குறை இருந்தது. ஒரு பக்கம் கொடுப்பவர், மறுபக்கம் பெறுபவர் என்ற இருவருக்கிடையே தான் பெரும்பாலும் வாதம் நடந்தது. எவரிடமிருந்து அப்பணம் எடுக்கப்பட்டதோ அந்தச் சிறு வணிகரும், எண்ணெய்க் கிணறுகளில் உழைத்தவரும் வழக்கின் சான்றுகளாக வந்தனர், உரிமையாளராக வரவில்லை. ஏற்பதா மறுப்பதா என்பதே கேள்வியாயிருந்தது. எடுத்தவரிடம் திருப்பிச் சேர்ப்பது எப்படி என்னும் கேள்வி தீர்மானத்தின் பொருளாகவில்லை.

மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் தலைமை ஆசாரியர்கள் யூதாஸ் எறிந்துவிட்டுப் போன வெள்ளிக்காசுகளைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது முறையன்று எனத் தீர்மானிக்கிறார்கள். பெட்டியின் தூய்மையைப் பற்றி அவர்களுக்கு மிகுந்த கவலை. காசுக்கு விலையான இரத்தத்தைப் பற்றிக் கவலை இல்லை. கறைபட்ட பணத்தை மறுப்பது மட்டுமே நம் முழு அறமானால், நாமும் அப்பெட்டியைக் காப்பவர்களாக முடிந்துவிடக்கூடும்.

4. ரெட்டிபாளையத்தின் கல்

இப்பொழுது அந்த மாணவரின் ஊருக்கு வருவோம். கிரெட்டேசியக் காலத்தில், அதாவது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற நெடுங்காலத்தில், அரியலூர்ப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலின் உயிரினங்கள் விட்டுச்சென்ற சுண்ணாம்பே அம்மண்ணின் அடியில் கல்லாகப் படிந்திருக்கிறது. அக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து அரைத்து, ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுழலும் உலையில் சுட்டு, கிடைக்கும் கிளிங்கரை ஜிப்சத்தோடு பொடித்தால் சிமெண்ட் ஆகிறது. தூய சுண்ணாம்புக்கல் சுடப்படும்பொழுது தன் எடையில் 44 விழுக்காட்டைக் கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடுகிறது.

சுழலும் உலையும் நாம் இதுவரை பேசிய காலத்தின் குழந்தையே. 1885இல் ஆங்கிலேயரான பிரெடரிக் ரான்சம் காப்புரிமை பெற்ற அவ்வுலை, பெருமளவில் வெற்றி கண்டது 1890களில் அமெரிக்காவில்தான். மின்விளக்கால் புகழ்பெற்ற தாமஸ் எடிசன் 1899இல் சிமெண்ட் நிறுவனம் தொடங்கி, அந்நாளைய உலைகளினும் இருமடங்கு நீளமாக, 150 அடியில் உலை அமைத்தார். ஆகவே கார்னகியின் காலத்துக் கண்டுபிடிப்பின் வழித்தோன்றல் இன்று ரெட்டிபாளையத்தில் இரவும் பகலும் சுழல்கிறது என்பது மிகையன்று.

நிறுவனங்கள் ஒன்றையொன்று உட்கொண்டு பெருகும் அக்கால வழக்கமும் இங்கே காணக்கிடக்கிறது. தரணி சிமெண்ட் என்ற பெயரில் தொடங்கிய ரெட்டிபாளையம் ஆலை 1990களின் பிற்பகுதியில் கிராசிம் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2010இல் அல்ட்ராடெக் நிறுவனத்தோடு இணைந்தது. 1979இல் அரியலூரில் அரசின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகமும் ஆலை அமைத்தது. வேறு பெரிய நிறுவனங்களும் இம்மாவட்டத்தில் உண்டு. அண்டையிலுள்ள கல்லக்குடியில் 1939இல் ஆலை வந்தபின் ஊருக்கே முதலாளியின் பெயர் சூட்டப்பட்டதும், அதனை மாற்றக் கோரி 1953இல் திராவிட முன்னேற்றக் கழகம் போராடியதும் நம் நாட்டார் நன்கு அறிந்த வரலாறு. புல்மன் நகரை நாம் அமெரிக்காவில் மட்டும் தேட வேண்டியதில்லை.

ஆலைகள் தீமையே வடிவானவை என்று எழுத நான் முற்படவில்லை. மழையை நம்பிய மானாவாரி நிலத்தில் மாதச் சம்பளம் என்பது பல வீடுகளுக்குப் புதிய விடுதலை. ஓலைக்கூரை வீட்டில் பிறந்த நம் சபை மக்கள் தளம் போட்ட வீட்டில் உறங்குவதும் சிமெண்டால்தான். நம் ஆலயங்களும் அதனால் கட்டப்பட்டவையே. ஆனால் தோண்டிய கல் திரும்ப வராது. பள்ளமாகிப் போன நிலம் மீண்டும் கம்பும் பருத்தியும் விளைக்காது. சுரங்கத்தை அடுத்த கிணற்றின் நீர், சாலையில் விரையும் கல் லாரி, கூரையில் படியும் தூசி ஆகியவற்றைப் பற்றிய முறையீடுகளை இவ்வட்டாரத்தில் பணிசெய்த எந்த ஆயரும் கேளாதிருக்க மாட்டார்.

இவற்றுக்கு ஈடாக வரும் பணத்தை நம் சட்டமே இருவேறு கணக்குகளில் எழுதியிருப்பதை இறையியல் மாணவர் கவனிக்க வேண்டும். முதலாவது, 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, 2014 ஏப்ரல் முதல், குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டு சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எப்பணிக்குச் செலவிடுவது என்பதைச் சட்டம் வகுத்த துறைகளுக்குள் நிறுவனமே தெரிந்துகொள்ளும். இரண்டாவது, 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை ஏற்பட்டது. சுரங்க உரிமையாளர் அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகைக்கு மேல், பழைய குத்தகைகளுக்கு அதில் 30 விழுக்காடும் ஏலத்தில் பெற்ற புதிய குத்தகைகளுக்கு 10 விழுக்காடும் இவ்வறக்கட்டளைக்குச் செலுத்தப்பட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் நலனுக்கே அது உரியது.

முதல் கணக்கு இலாபத்தின்மேல் எழுதப்படுகிறது. இலாபம் இல்லையேல் அதுவும் இல்லை. இரண்டாவது கணக்கு தோண்டிய கல்லின்மேல் எழுதப்படுகிறது; இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அது கடன். முன்னது கார்னகியின் பேரர். பின்னது வேறொரு மரபைச் சார்ந்தது. அம்மரபு எது என்பதை அறிய மீண்டும் எரிகோவுக்குச் செல்வோம்.

5. சகேயுவின் இரு வினைகள்

சகேயுவின் ஒரே கூற்றில் இரண்டு வினைச்சொற்கள் உள்ளன. தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதைச் சொல்லும் கிரேக்கச் சொல் 'திதோமி'. கொடுத்தல் என்பது பொருள். ஒருவனிடம் அநியாயமாய் எதையாவது வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் தருவதைச் சொல்லும் சொல் 'அப்போதிதோமி'. திருப்பிக் கொடுத்தல், கடனைச் செலுத்துதல் என்பது பொருள். முதல் வினையின் பயனைப் பெறுவோர் பொதுவாக ஏழைகள். இரண்டாம் வினையின் பயனைப் பெறுவோர் குறிப்பிட்ட ஆட்கள். பெயரும் முகமும் இழந்த தொகையும் உடையவர்கள். முதலாவது பாதி என்று முடிகிறது. இரண்டாவதை முடிவு செய்வது இழந்தவனின் கணக்கு.

வினைகள் நிகழ்காலத்தில் இருத்தலால் சகேயு தன் வழக்கத்தைச் சொல்கிறானா, புதிய தீர்மானத்தைச் சொல்கிறானா என்று உரையாசிரியர் வாதிடுவர். எவ்வாறு கொள்ளினும் நம் பொருளுக்கு ஊறு இல்லை. அநியாயத்தைத் தானே ஒப்புக்கொண்டவன் முழுத்தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிச் செலுத்தக் கட்டளையிடுகிறது எண்ணாகமம் 5ஆம் அதிகாரம். திருடிய ஆட்டுக்கு நான்கு என்கிறது யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். சகேயு தனக்குக் கடுமையான விதியையே தெரிந்துகொள்கிறான். மேலும், வரி வசூல் உரோமரின் சட்டப்படி அமைந்த தொழில். சட்டம் அனுமதித்ததையும் அநியாயம் எனக் கணக்கிட அவனுக்குக் கண் திறந்தது. இரட்சிப்பு அவ்வீட்டுக்கு வந்தது என்று ஆண்டவர் அறிவிப்பது இரண்டு வினைகளும் சொல்லி முடிந்தபின்னரே என்பதையும் கருத வேண்டும்.

கார்னகியின் நற்செய்தியில் முதல் வினை நிறைவாக உண்டு. பாதியன்று, பாதிக்கு மேலும் கொடுத்தார். இரண்டாம் வினை இல்லை. ஹோம்ஸ்டெட் தொழிலாளிக்கு நூலகம் கிடைத்தது. குறைத்த கூலி திரும்பவில்லை. மாணவரின் கேள்விக்கு இதுவே நான் தரக்கூடிய விடை. கொடுத்தல் கொடுப்பவனை உயர்த்துகிறது, பெறுபவனை நன்றிக்கடனில் வைக்கிறது. திருப்பிக் கொடுத்தலோ இருவரையும் சமநிலையில் நிறுத்துகிறது. ஆகவேதான் செல்வர்க்கு முன்னது எளிதாகவும் பின்னது அரிதாகவும் இருக்கிறது.

6. ஆயரின் மேசைமேல்

இறுதியாக ஒரு தனி நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டியவனாயிருக்கிறேன். பிறரைத் திறனாய்பவன் தன்னை மறைத்துக்கொள்ளலாகாது. பல ஆண்டுகளுக்கு முன் அம்மாவட்டத்துச் சிற்றூர்ச் சபை ஒன்றில் நான் ஆயராயிருந்தபொழுது, ஆலய வளாகத்திற்குச் சுற்றுச்சுவர் எழுப்பச் சிமெண்ட் மூட்டைகள் நன்கொடையாக வந்தன. பிரதிஷ்டை ஆராதனைக்குக் கொடையளித்தவர்களின் சார்பில் விருந்தினர் வந்திருந்தனர். அச்சபையில் ஞாயிறுதோறும் பொது விண்ணப்பத்தில் கிணற்று நீருக்காகவும், லாரிச் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்காகவும் ஜெபிப்பது வழக்கம். ஆராதனைக்குச் சற்று முன் சபைச் செயலர் என்னிடம் வந்து, "ஐயா, இன்றைக்கு மட்டும் அந்த லாரி விண்ணப்பம் வேண்டாமே, வந்தவர்கள் மனம் நோகக்கூடாது" என்றார். நான் அந்த விண்ணப்பத்தை விட்டுவிட்டேன். அதை விடும்படி விருந்தினர் எவரும் கேட்கவில்லை. அப்படி ஒரு விண்ணப்பம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நாங்களாகவே எங்கள் வாயை மூடிக்கொண்டோம். ஆராதனை முடிந்தபின் முதிய தாயார் ஒருவர், "ஐயா, இன்றைக்குப் பிள்ளைகளை மறந்துவிட்டீர்களே" என்றார். அவருக்கு நான் மறுமொழி சொல்லவில்லை.

கிளாடன் அஞ்சியது இதைத்தான். காசில் ஒட்டிய கறையைவிட, பெற்றவரின் நாவில் விழும் கட்டு கொடியது. இதனை மனத்திற் கொண்டு மூன்று காரியங்களை உடன் ஊழியர்முன் வைக்கிறேன்.

முதலாவது, செல்வரின் கொடையை எடுத்துக்காட்டாகச் சொல்லும் அருளுரையாளர் அச்செல்வம் வந்த வழியையும் சொல்லக் கடமைப்பட்டவர். நூலகத்தைச் சொல்பவர் ஹோம்ஸ்டெட்டையும் சொல்லட்டும். இயலாதெனில் அவ்வெடுத்துக்காட்டை விட்டுவிடுவதே நேர்மை.

இரண்டாவது, ஒரு நன்கொடையை ஏற்குமுன் சபைக்குழு இரண்டு வினாக்களை எழுப்பி, விடைகளை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யட்டும். இதனை ஏற்றபின் நம் விண்ணப்பத்தில் எதையாவது விட நேருமா? கொடுப்பவரால் இழப்படைந்தவர் எவரேனும் நம் ஊரில் இன்னும் ஈடு பெறாமல் இருக்கிறாரா? பின்னதற்கு ஆம் என்பது விடையானால், அவர் கணக்குத் தீரும்வரை நம் சுவர் காத்திருக்கலாம். கனிம அறக்கட்டளையின் பணம் மக்களின் உரிமை. ஆலயத்தின் பங்கு அதில் இல்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அக்கணக்கைக் கேட்டறிந்து, கிராம சபையில் தண்ணீருக்காகவும் சாலைக்காகவும் மனு எழுத மக்களுக்கு உதவுவது ஆயர் பணிக்குப் புறம்பானதன்று.

மூன்றாவது, நியாயத்தீர்ப்பு இறைவனின் வீட்டிலே தொடங்க வேண்டும். திருச்சபையும் கூலி கொடுக்கும் முதலாளியே. நம் பள்ளிகளிலும் விடுதிகளிலும் சமைக்கும் பெண்களுக்கும், வளாகத்தைத் துப்புரவு செய்வோருக்கும் நாம் கொடுப்பது என்ன? பண்டிகைக்கு அவர்களுக்குப் புடவையும் வேட்டியும் வழங்கி மகிழ்கிறோம். யாக்கோபு நிருபம் 5ஆம் அதிகாரம் கூக்குரலிடுவதாகச் சொல்வது பிடித்துவைத்த கூலியைப் பற்றியே. புடவை முதல் வினை. கூலி இரண்டாம் வினை. ஆலை வாயிலில் நாம் எழுப்பும் கேள்வியை முதலில் நம் அலுவலக மேசைமேல் வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த ரெட்டிபாளையம் மாணவர் படிப்பை முடித்துத் தம் பகுதிக்கே ஊழியம் செய்யத் திரும்ப விரும்புகிறார். அவருடைய மேசைமேலும் ஒருநாள் நன்கொடைக் கடிதம் ஒன்று வந்து சேரும். அதனை ஏற்பதோ மறுப்பதோ அவரும் அவர் சபையும் ஜெபத்தோடு எடுக்கவேண்டிய முடிவு. எம்முடிவை எடுத்தாலும், அடுத்த ஞாயிறு விருந்தினர் முன்வரிசையில் அமர்ந்திருக்கையிலும், கிணற்றுக்கும் சாலையைக் கடக்கும் பிள்ளைகளுக்குமான விண்ணப்பம் அவர் வாயிலிருந்து வழக்கம்போல் எழட்டும். நான் விட்ட இடத்தை அவர் நிரப்புவாராக.